வீங்கினால் விலகு

இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் நடந்தது 1995 ஜூலை 31 அன்று. கல்கத்தாவில் ஜோதிபாசு பேச, தில்லி சஞ்சார் பவனில் அமைச்சர் சுக்ராம் பதில் சொன்னார். அந்தக் கட்டடத்திலிருந்து அதிக தூரமில்லை கோல் மார்க்கெட். மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வந்த வட்டாரம். செல்போன் வந்த காலத்தில் கற்ற பாடத்தை இங்கும் சரி, மாம்பலத்திலும் சரி, பலர் இன்னும் விடவில்லை. பேட்டரியைச் சுத்தமாக வடியவிட்டு, இரவு முழுக்க சார்ஜ் போட வேண்டுமாம்.

நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு அது பொருந்தியது. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால் அதன் கொள்ளளவு குறைந்ததாகத் தோன்றும். இன்றைய லித்தியம்-அயான் வேறு ஜாதி. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முழுக்க வடிவதும், நூறு சதவீதத்திலேயே கிடப்பதும் இதன் ஆயுளைக் குறைக்கும். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்திருந்தால் போதும்.

உண்மையான எதிரி சூடு. உள்ளே இரு மின்முனைகளைப் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் தீப்பற்றும் திரவம். படலம் கிழிந்தாலோ உருகினாலோ முனைகள் தொட்டுக்கொண்டு சூடு தானாகவே ஏறிக்கொண்டு போகும். மே மாதத் தில்லியில், வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விட்டுப்போவது அதற்கு அழைப்பு வைப்பதுதான். ஜனவரிக் குளிரில் ரஜாய்க்குள் போனை சார்ஜ் போட்டபடி தூங்குவதும் அப்படியே. சூடு வெளியேற வழியில்லை.

2007 ஆகஸ்டில் நோக்கியா, மட்சுஷிடா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று எச்சரித்தது. இந்தியாவிலும் பீதி பரவியது. அன்றைக்கு நகத்தால் மூடியை நெம்பி பேட்டரியை எடுத்துப் பார்க்க முடிந்தது. இன்றோ பெரும்பாலான போன்களில் அது ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்துதான் கவனிக்க வேண்டும்: பின்மூடி புடைக்கிறதா, திரை தூக்குகிறதா, மேஜையில் வைத்தால் போன் ஆடுகிறதா? உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்த வேண்டும். அழுத்தி உட்கார வைப்பதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் விபரீதம்.

மாற்றும்போது ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. போலிகளிலும் அச்சடிப்பார்கள்தான், எனவே கடையும் பில்லும் முக்கியம்.

மீறித் தீப்பிடித்தால்? 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், மேல் அலமாரியில் இருந்த சாம்சங் நோட் 2 புகைந்தது. பணிப்பெண்கள் தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்திவிட்டு, போனைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. புகையை அணைத்ததோடு விடாமல் சூட்டையும் தணித்ததுதான் சாமர்த்தியம். ஆறாத பேட்டரி மறுபடி பற்றும். வீட்டில் என்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தண்ணீர்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. கபாடிவாலாவின் சாக்கிலும் கூடாது. நசுங்கினால் அங்கேயே பற்றும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. முனைகளில் டேப் ஒட்டி, சேவை மையத்தில் கொடுத்துவிடலாம்.