ஆட்சேபணை யாருடையது, உரிமம் யாருடையது?



தூத்துக்குடியில் ஒரு தள்ளுவண்டிக் கடை போட என்ன வேண்டும்? வண்டி வேண்டும், அடுப்பு வேண்டும், கைப்பக்குவம் வேண்டும், நள்ளிரவு வரை நிற்கக் கால்கள் வேண்டும். இவை அத்தனையும் நம் சேரிகளிலும் காலனிகளிலும் இருக்கின்றன. இல்லாதது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை யார் கொடுக்கிறார்கள்? யாரைக் கேட்டுக் கொடுக்கிறார்கள்? மறுத்தால், ஏன் மறுத்தோம் என்று எழுதித் தருகிறார்களா? இந்த மூன்று கேள்விகளும் நம் மேடைகளில் போதுமான அளவுக்கு ஒலிப்பதில்லை. கோயில் நுழைவுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் திரளும் நாம், கடை லைசென்ஸ் என்றதும் அதை அவரவர் பிழைப்புப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறோம்.

"உரிமம் கொடுப்பது நிர்வாக வேலை, அதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். சட்டப் புத்தகத்தில் சாதி இல்லைதான். விண்ணப்பம் கொடுப்பதற்கும் கையெழுத்து விழுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. "அந்தப் பகுதி மக்கள் ஆட்சேபிக்கிறார்கள்", "கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வாங்க", "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்ற வாசகங்கள் உலவும் இடைவெளி அது. சாதி உட்கார்ந்திருப்பது அங்கேதான். அதற்கு நாற்காலி யாரும் போடத் தேவையில்லை. எழுத்தில் எதுவும் கேட்கப்படாத இடத்தில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கடற்கரைக்கு உரிமம் புதிதல்ல. முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் எந்தப் படகு கடலுக்குப் போகலாம், எத்தனை நாள் மூழ்கலாம் என்பதை அரசே முடிவு செய்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் எடுத்த சிப்பியின் பெரும்பங்கு அரசுக்குப் போனது, மூச்சை அடக்கி அடியாழம் வரை போனவருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. அனுமதி கொடுக்கும் கை மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறது.

மூன்று வாசல்கள்

மாணவத் தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறோம்.

முதல் வாசல், வண்டி. டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் பெர்மிட் தருவது மாநகராட்சி அல்ல, போக்குவரத்துத் துறை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு விதி சொல்கிறது. தாட்கோ கடனில் வண்டி எடுத்து, ஓட்டுநர் உரிமமும் பெர்மிட்டும் வாங்கிவிடலாம். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது? ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ வெளியே உள்ள ஸ்டாண்டில் நிறுத்தினால்தான் சவாரி. அந்த ஸ்டாண்டில் யார் சேரலாம் என்பதைப் பல ஊர்களில் முடிவு செய்வது ஸ்டாண்டில் ஏற்கெனவே இருப்பவர்கள். "சேர்க்கை முடிந்துவிட்டது" என்பார்கள். முடிந்துபோன சேர்க்கை, சொந்தக்காரப் பையன் வந்தால் மறுபடியும் திறக்கும். அரசு கொடுத்த பெர்மிட்டுக்கு மேல் ஊர் கொடுக்கும் இன்னொரு பெர்மிட் இது.

இதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, வண்டிகள் நிறுத்தும் இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு தீர்மானிக்கச் சொல்கிறது. அந்த இடம் பொது இடம். பொது இடத்துக்கு உறுப்பினர் அட்டை போடும் அதிகாரம் எந்தச் சாதிக் கூட்டத்துக்கும் கிடையாது. மாநகராட்சி இதில் தனக்கு வேலையில்லை என்று ஒதுங்க முடியாது.

இரண்டாம் வாசல், கட்டடம். ஓட்டல், பேக்கரி, இறைச்சிக் கடை எதுவானாலும் தொழில் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தோடு இடத்துக்கான சான்று வைக்க வேண்டும். சொந்த இடம் இல்லாதவர் வாடகை ஒப்பந்தம் வைக்க வேண்டும். இங்கேதான் கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. பிரதான சாலையில் கட்டடம் வைத்திருப்பவர் முதலில் "எந்த ஊர்?" என்பார், பிறகு "எந்தத் தெரு?" என்பார். தெருவின் பெயரைச் சொன்னதும் "நேற்றுத்தான் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்" என்பார். மாநகராட்சி யாரையும் மறுக்கவில்லை, விண்ணப்பமே அதன் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. ஆவணத்தில் பாகுபாடு பூஜ்ஜியம்!

மூன்றாம் வாசல், தெரு. நம் மக்கள் அதிகம் நிற்பது இங்கேதான். மீன் கூடையோடு, பழத் தட்டோடு, இட்லிக் கொப்பரையோடு நிற்கும் நம் பெண்களுக்கு இருக்கிற ஒரே முதலீடு அந்த ஆறடித் தெருவோரம்.

சட்டம் கொடுத்ததும் நாம் கேட்காததும்

தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு 2015-ல் இதற்கான விதிகளையும் திட்டத்தையும் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ஏன்? வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. சான்றிதழ் வழங்குவதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது 7-ஆம் பிரிவு. அப்புறப்படுத்த வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ் கொடு என்கிறது 18. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு, அழுகும் பொருளை அன்றே திருப்பிக் கொடு என்கிறது 19. மீன்காரம்மாவின் கூடையைத் தூக்கி லாரியில் வீசும் கைக்கு எதிராக நாடாளுமன்றமே எழுதி வைத்த வரிகள் இவை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 22-ஆம் பிரிவு. தெருவில் எங்கே கடை போடலாம், யாருக்குச் சான்றிதழ் என்பதில் நகர விற்பனைக் குழுவின் சொல்லுக்கு இடம் உண்டு. கமிஷனர் அதன் தலைவர். ஆனால் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர், வியாபாரிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். உரிமம் கேட்டு வரிசையில் நிற்பவர், உரிமம் தீர்மானிக்கும் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்காரலாம் என்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது?

கணக்கு ஒன்றும் பார்ப்போம். ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை தெருவோர வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது சட்டம். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி நகரின் மக்கள்தொகை சுமார் 2.37 லட்சம். அந்தப் பழைய கணக்கிலேயே ஏறத்தாழ 5,900 பேருக்கு இடம் வருகிறது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் வார்டில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

யாருடைய மூக்கு, யாருடைய ஆட்சேபணை

நடைபாதை நடப்பவருக்கு வேண்டாமா, சுகாதாரம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கெட்டுப்போன எண்ணெயில் பொரித்த பண்டத்தைத் தின்று வயிற்றுப்போக்கு வருவதும் ஏழைக்குத்தான். நாம் கேட்பது, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், காரணம் எழுத்தில் இருக்கட்டும் என்பதுதான்.

இங்கிலாந்தில் டாக்சி ஓட்டுநர் உரிமமும் மதுக்கடை, விடுதி உரிமமும் உள்ளாட்சி மன்றத்தின் கையில் இருக்கின்றன. அங்கே 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி ஒரு கடைக்கு எதிரான ஆட்சேபணை நான்கு காரணங்களில் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும்: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லைத் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நாடு சொர்க்கம் என்று சொல்லவில்லை. ராதர்ஹாம் நகரத்தில் சிறுமிகள் மீது நடந்த கொடுமைகளை விசாரித்த 2015-ஆம் ஆண்டு அறிக்கை, அங்கே டாக்சி உரிமங்களைக் கண்காணிப்பதில் மன்றம் தவறியதைக் கடுமையாகச் சாடியது. கண்டிப்பும் வேண்டும், வெளிப்படையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்கக் கூடாது.

இங்கே என்ன நடக்கிறது? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. யாருடைய அடுப்புக்கு அனுமதி என்பதை யாருடைய மூக்கு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

வண்டியின் நெற்றியில் எழுதும் பெயரைக்கூட இந்தச் சமூகம் பொறுக்காது. ஒட்டப்பிடாரம் அருகே கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் 1997-ல் அரசு ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்தது. எதிர்ப்பும் கலவரமும் எழுந்தன. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. பேருந்தில் ஒரு பெயரையே தாங்காத மனம், ஸ்டாண்டில் நம் வண்டியை எளிதில் தாங்கிவிடுமா?

உரிமம் ஆயுதமாக இருந்த காலம்

உரிமம் எப்போதும் நமக்கு எதிராகவே இருந்ததில்லை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இருந்தார். அன்றைய தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. அப்படி மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். பக்கத்து மாவட்டம், ஒரு உள்ளாட்சி அமைப்பு, ஒரு உத்தரவு. எந்தக் கலெக்டரும் எந்தக் கோர்ட்டும் சொல்லும் வரை அவர் காத்திருக்கவில்லை. முதலாளியின் மனம் மாறட்டும் என்று உபதேசமும் செய்யவில்லை. சாதிக்கு வலிப்பது லாபத்தில்தான் என்று தெரிந்து அங்கே கை வைத்தார்.

அந்த அதிகாரம் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாகப் பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுப்பதைத் தண்டிக்கிறது. அப்படித் தண்டிக்கப்பட்டவர் அந்தத் தொழிலுக்கு உரிமம் வைத்திருந்தால் அதை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 8-ஆம் பிரிவு. இரட்டைக் குவளை பற்றி எத்தனை கட்டுரை படித்திருப்பீர்கள்! அதனால் லைசென்ஸ் இழந்த டீக்கடை ஒன்றைக் கேள்விப்பட்டதுண்டா? நம்மவர் தொழில் செய்வதைத் தடுப்பதும், பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும் 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதப்படாத புகார், காவல் நிலையத்தில் "வாய்த்தகராறு" ஆகிவிடுகிறது.

பிறகு நம் வீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை. தனி வார்டில் நின்று வென்ற கவுன்சிலர்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். விற்பனைக் குழு பற்றி அவர்கள் எத்தனை முறை எழுந்து பேசினார்கள்? வியாபாரிகள் சங்கங்களில் தலைவர், செயலாளர் பதவிகளில் நம் பெண்கள் எத்தனை பேர்? குழுவுக்குத் தேர்தல் வந்தால் சங்கம் யாரைக் கைகாட்டுகிறதோ அவரே வருவார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது தெருவோரத்துக்கும் பொருந்தும். நடைபாதையிலும் முன்வரிசை, பின்வரிசை உண்டு.

இனிச் செய்ய வேண்டியது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் ஊர் மாநகராட்சி அல்லது நகராட்சிக்கு மனுப் போடுங்கள். நகர விற்பனைக் குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது? தேர்தல் மூலம் வந்த வியாபாரிகள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை, பெண்கள் எத்தனை? கடைசிக் கணக்கெடுப்பு எப்போது, சான்றிதழ் எத்தனை பேருக்கு? கடந்த ஐந்தாண்டுகளில் மறுக்கப்பட்ட தொழில் உரிம விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம்? ஆட்டோ, டாக்சி நிறுத்தங்களாக முறைப்படி அறிவிக்கப்பட்ட இடங்கள் எவை? பதில் தர 30 நாள் அவகாசம். வரவில்லை என்றால் மேல்முறையீடு.

பதில் வந்ததும் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். மீன் சந்தையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் காலனிக் கூட்டத்திலும் சத்தமாக வாசியுங்கள். இட்லிக் கடை அக்காவிடம் 19-ஆம் பிரிவைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை லாரி வரும்போது அவர் கேட்கட்டும்: "பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், அப்புறம் தூக்குங்க."