செயின் கட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க

பைக் செயின் லூசாகிப் போச்சுன்னா நம்ம பக்கத்துல ஒரு வைத்தியம் இருக்கு. "ஒரு கண்ணியை எடுத்துட்டா சரியாப் போயிரும்." அருப்புக்கோட்டையில இருந்து எட்டயபுரம் வரைக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. இப்ப ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே செயின் கட்டர் கிடைக்குது. கடைக்குக் கடை பிரேக்கர், ஸ்ப்ளிட்டர்னு பேர் மாறும், சாமான் ஒண்ணுதான். அதனால இந்த வைத்தியம் வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. என் கட்சி இதுதான்: வீட்டுல செயின் கட்டர் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா தேய்ஞ்ச செயினை வெட்டுறதுக்குன்னா அதை வாங்கவே வாங்காதீங்க.

ஏன்? செயின் நீளமாகுறது ரப்பர் மாதிரி இழுபட்டு இல்ல. ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஒரு பின், அதைச் சுத்தி ஒரு புஷ். 1880-ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்டு பேட்டன்ட் வாங்கின அமைப்பு, இன்னைக்கு வரைக்கும் அடிப்படை மாறல. மண்ணும் தூசியும் உள்ள போனா பின்னும் புஷ்ஷும் தேயும். கண்ணிக்குக் கண்ணி துளித்துளியா இடைவெளி கூடும். நூத்துச் சொச்சம் கண்ணியிலயும் சேர்த்துத்தான் செயின் தொங்குது. அதுல ஒரு துண்டை வெட்டிட்டா நீளம் குறையும், மத்த கண்ணியில தேய்மானம் அப்படியேதான் இருக்கும். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் பொருந்தவே பொருந்தாது. பல்லு கூராகும், செயின் நழுவும், ஒரு நாள் அறுந்தும் போகும்.

அதுவும் "ஒரு கண்ணி"ன்னு சொல்றதே தப்பு. உள்கண்ணி, வெளிக்கண்ணின்னு மாறி மாறி வர்றதால ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்க முடியும். செயின்ல கண்ணி எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படைதான்.

நம்ம ஊர்ல இது விளையாட்டு விஷயம் இல்லீங்க. பந்தல்குடியைச் சுத்தி சுண்ணாம்புக்கல் சுரங்கம். தூசிக்குப் பஞ்சமே இல்ல. பக்கத்துலயே மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலை, ராத்திரி பகல்னு லாரி ஓடுற ரோடு. ஓடுற வண்டியில செயின் அறுந்தா சும்மா நின்னா புண்ணியம். பின் சக்கரத்துல சிக்கிச் சக்கரமே லாக் ஆகலாம், முன்னாடி சுருண்டு என்ஜின் கேஸை உடைக்கலாம். பின்னாடி லாரி வருதுங்கிறதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

அதனால முதல் டூல், பள்ளிக்கூடத்துப் பையில கிடக்குற 30 செ.மீ. ஸ்கேல். 100, 125 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் 428 நம்பர் செயின்தான். முதல் எண் 4-ன்னா கண்ணிக்குக் கண்ணி 4/8 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஒரு பின்னோட நடுவுல ஆரம்பிச்சு 20 கண்ணி தள்ளி இருக்குற பின் நடு வரைக்கும் அளங்க. புது செயின்னா 25.4 செ.மீ., கரெக்டா பத்து அங்குலம். பொதுவா சொல்ற எல்லை 2 சதவீதம், அப்படிப் பார்த்தா 25.9 செ.மீ. (வண்டி மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு.) நல்லா இருக்குற செயினுக்கும் சாகுற செயினுக்கும் நடுவுல அரை சென்டிமீட்டர்தான்! அதைத் தாண்டிட்டா ரெண்டு ஸ்ப்ராக்கெட்டோட சேர்த்து முழு செட்டையும் மாத்துங்க. கட்டருக்கு அங்க வேலையே இல்ல.

இதுல ஒரு வயித்தெரிச்சலும் உண்டு. ரோலான் செயின் செய்யற எல்.ஜி.பி. நம்ம கோயம்புத்தூர் கம்பெனி. டயமண்ட் செயின் செய்யற டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் சென்னை முருகப்பா குழுமம். செயின் செஞ்சு விக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு, பழைய செயினுக்கு ஒட்டுப் போட்டு உயிரைப் பணயம் வைக்கிறோம்.

சரி, அப்ப கட்டர் எதுக்கு? புது செயினுக்கு. நம்ம வண்டிக்கு வேணுங்குறதை விட ரெண்டு நாலு கண்ணி கூடுதலா இருக்குற செயின்தான் கிடைச்சுதுன்னா, அதை அளவாக் குறைக்கணும். அவ்வளவுதான் வேலை. பழைய செயினைக் கழட்ட கட்டர் வேண்டாம். செயின் லாக் இருந்தா கிளிப்பைத் தள்ளினா வந்துரும்.

"எங்க மெக்கானிக் அண்ணே முப்பது வருஷமா சுத்தியலும் பஞ்சும் வச்சுத்தான் தட்டுறாரு"ன்னு ஒரு கட்சி வரும். தூக்கிப் போடுற செயினைப் பட்டறைக் கல்லு மேல வச்சு எப்படி வேணா தட்டுங்க. புது செயின்ல தட்டினா பக்கத் தகடு வளையும், பக்கத்துக் கண்ணி இறுகிப் போகும். வண்டியில மாட்டி வச்சே தட்டினா அந்த அடி பேரிங்குக்கும் போகும். அண்ணே கைப்பழக்கத்துல சமாளிச்சுருவாரு, நமக்கு வராது.

எதிர்க்கட்சி இன்னொண்ணு. வீடியோ பாத்துட்டு, வெட்ட, தகடு அழுத்த, ரிவிட் அடிக்கன்னு எல்லாம் சேர்ந்த பெட்டியைப் பல ஆயிரம் கொடுத்து வாங்குறவங்க. காமர்ஸ் படிக்கிறவன், கணக்குப் போடாம விட முடியுமா? பெட்டி 3,000 ரூபாய், பத்து வருஷத்துல நாலு தடவை செயின் மாத்துறீங்கன்னு வச்சுக்கங்க. தடவைக்கு 750 ரூபாய். அதுலயும் ரிவிட் அடிக்கிற பாகம் செயின் லாக் போட்ட வண்டிக்கு ஒரு தடவை கூட உதவாது. அது முதலீடு இல்ல சாமி, அலமாரி அலங்காரம் :-)

வாங்குறதுன்னா இதை மட்டும் பாருங்க:

1. வெட்டுற வேலை மட்டும் செய்யற சின்ன டூல் போதும். உங்க செயின் நம்பர் அதுல போட்டிருக்கணும். 428 செயின்ல பின் தடிமன் சுமார் நாலரை மி.மீ. தள்ளுற ஊசி அதை விட மெலிசா இருக்கணும், இல்லேன்னா ஓட்டைக்குள்ள போகாது.

2. ஊசி தனியாக் கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும், ஸ்பேர் ஊசி கிடைக்கணும். முதல்ல உடையறது அதுதான்.

3. உடம்பு கனமான ஸ்டீலா இருக்கணும். வார்ப்புல ஊத்தின லேசான சாமானை முறுக்கினா வாயைப் பிளந்துரும்.

4. செயின் அதுக்குள்ள ஆடாம நேரா உக்காரணும். சாஞ்சு உக்காந்தா ஊசி வளையும்.

விலை கூடின டூலையும் உடைக்கிற வழி ஒண்ணு இருக்கு. பின் தலையை அரைக்காம அப்படியே தள்ளுறது. பின்னோட முனையை நசுக்கி அகலமாக்கித்தான் கம்பெனியில ரிவிட் பண்றாங்க. முதல்ல கிரைண்டர்ல அந்தத் தலையைத் தகட்டு மட்டத்துக்கு அரைச்சுருங்க, அப்புறம் தள்ளுங்க. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். திரும்ப லாக் போடும்போது கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும்.

520 செயின் போட்ட கே.டி.எம். டியூக் மாதிரி வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ரிவிட் போட்ட செயின்ல, வெட்டுறது சுலபம்னு வெட்டிட்டு கிளிப் லாக் போட்டு ஓட்டாதீங்க. அதுக்கு ரிவிட்தான், அளவு பாத்து ரிவிட் அடிக்கிற டூலும் கையும் இருக்குற கடைதான்.

தெருவுக்கு ஒரு கட்டர் இருந்தாப் போதும், சைக்கிள் பம்பு மாதிரி மாத்தி மாத்தி வாங்கிக்கலாம். ஆனா ஸ்கேல் வீட்டுக்கு வீடு இருக்கு. அடுத்த தடவை யாராவது "ஒரு கண்ணி எடுத்துடலாமா"ன்னு கேட்டா, முதல்ல 20 கண்ணியை அளக்கச் சொல்லுங்க. அளந்த பிறகும் வெட்டுறேன்னு நிக்கிறவங்க இருந்தா வாங்க, வாதாடலாம்.