அறுபது ரூபாய் டிக்கெட்

சென்னையிலிருந்து மச்சினன் சம்சாரத்தோடு வந்திருந்தான். பாங்க் உத்தியோகம். எதைக் காட்டினாலும் வட்டி போட்டுப் பார்க்கிற ரகம். கீழடிக்கு அழைத்துப் போனேன்... மாட்டிக்கொண்டேன்.

2023 மார்ச்சில் திறந்த மியூசியம். செட்டிநாட்டு வீடு மாதிரி, நிழலும் காற்றுமாக ஜோராகத்தான் கட்டியிருக்கிறார்கள். உள்ளே சூதுபவள மணி, நூல் நூற்ற தக்களி, தந்தத்தில் செய்த தாயக்கட்டை, 'ஆதன்', 'குவிரன்' என்று எவரோ தன் பேரைக் கீறி வைத்த பானை ஓடு. (நம் வீட்டு எவர்சில்வரில் பேர் வெட்டுகிறோமே, அதே குணம்!) நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, மச்சினன் செல்போனில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கட்டடத்துக்கு என்ன செலவு?"

"சுமார் 18 கோடியே 40 லட்சம்னு படிச்சேன்."

"7 பர்சென்ட்டுன்னா வருஷ வட்டியே ஒண்ணேகால் கோடிக்கு மேல. டிக்கெட் 15 ரூபாய். வட்டிக்கு மட்டும் எட்டரை லட்சம் பேர் வரணும். கரன்ட் பில், சம்பளம் தனி. நஷ்டம் மச்சான்!"

கணக்கு சரிதான். ஆனால் லெட்ஜரில் பாதிப் பக்கத்தைக் காணோம். நாலு பேருக்கு டிக்கெட் 60 ரூபாய். அந்த அறுபதுக்காக வாடகைக் கார் 1,800. மத்தியானச் சாப்பாடு 900. தங்கச்சிக்கு சுங்குடிச் சேலை 2,400. ஜிகர்தண்டா 240. ஆக, 5,340 ரூபாய். இந்தப் பணம் மியூசியம் கல்லாவுக்குப் போகாது. டிரைவர் வீட்டுக்கும், சாயம் முக்குகிறவர் வீட்டுக்கும் போகும்.

"அப்ப லாபம்தானே?" என்றாள் தங்கச்சி.

அங்கேதான் எனக்கே இடித்தது. கார், சாப்பாடு, சேலை எல்லாம் மதுரையில். கீழடி ஊருக்குள் நாங்கள் கொடுத்தது நாலு இளநீருக்கு 200 ரூபாய். தென்னந்தோப்பைத் தோண்டவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி ஓடி வந்து நாம் மதுரையில் பர்ஸைத் திறக்கிறோம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துக் கல்லை வரவழைத்து மணி கோத்த ஊர் ஸார் இது! இன்றைக்கு அங்கே ஒரு மணிமாலை செய்து விற்கிற பட்டறை நாலு இருந்தால், அந்தச் சேலைக் காசில் பாதி அங்கேயே தங்கியிருக்கும்.

இளநீர் குடிக்கும்போது மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, இங்கிட்டு நாலு சென்ட் கிடைக்குமா? மியூசியம் வந்திருக்கு, விலை ஏறும்ல?"

நஷ்டம் என்று சொன்ன அதே வாய்!

இளநீர்க்காரர் அரிவாளைத் துடைத்தார். "அந்தத் திடல்ல எங்கிட்டுக் கடப்பாரை போட்டாலும் பானை ஓடுதாண்ணே வருது. நீங்க ஒரு செங்கல் வைக்கணும்னா, அவுக வச்ச செங்கல்ல எடுக்கணும்."

110 ஏக்கர் மேடு. தோண்டியது அதில் கொஞ்சூண்டு. தோப்பாகக் கிடந்ததால் பிழைத்தது. பிளாட் போட்டிருந்தால் ஜே.சி.பி-க்கு எத்தனை நாள் வேலை?

சாயங்காலம் திருமலை நாயக்கர் மஹால். 1636-ல் கட்டியது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினபோது, 'இங்கே எதுக்கு வீணா?' என்று கணக்குப் போட்டு, மஹாலைப் பிரித்து சாமான்களை அங்கே கொண்டுபோனார். மிஞ்சியது கால்வாசி. அதையும் 1866-க்குப் பிறகு கவர்னர் நேப்பியர் பிரபு செப்பனிட்டதால்தான் நின்றது. அந்தக் கால்வாசியைப் பார்க்கத்தான் இன்றைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். திருச்சிக்குப் போன முக்கால்வாசி?

மச்சினன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான். கை பாதிகூட எட்டவில்லை.

"இதை எப்படி மச்சான் கழட்டியிருப்பாங்க?"

"முடியலை. அதான் நீ பார்க்கறே" என்றேன்.