சான்று தருபவருக்குக் கூலி தருவது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு குதிரைக் காட்சி வீடியோ அனுப்பியிருந்தார். டென்னஸி நடைக்குதிரை என்று ஒரு சாதி. முன்னங்காலை மார்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து நடக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. அந்தத் தூக்கல் சில குதிரைகளுக்கு எப்படி வருகிறது தெரியுமா? குளம்புக்கு மேலே கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய், ரசாயனம் என்று தடவிப் புண்ணாக்கி, அதன்மேல் சங்கிலி உரசும்படி கட்டிவிடுகிறார்கள். காலைத் தரையில் வைக்க முடியாத வலியைத்தான் ஜனங்கள் நடை அழகு என்று ரசிக்கிறார்கள்.

இதைத் தடுக்க அங்கே 1970லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் எல்லாக் காட்சிக்கும் அனுப்ப அரசிடம் ஆள் இல்லை. அதனால் 1976ல் ஒரு திருத்தம். குதிரைத் தொழில் சங்கங்களுக்கு அரசு அங்கீகாரம் கொடுக்கும். அந்தச் சங்கம் பரிசோதகருக்கு உரிமம் கொடுக்கும். காட்சி நடத்துபவரே அவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார். 2010ல் அவர்களுடைய வேளாண் துறையின் தணிக்கை அறிக்கை வந்தது. அரசு கால்நடை மருத்துவர்கள் நேரில் போனது நூற்றுக்கு 6 காட்சிகளுக்குத்தான். ஆனால் அந்தப் பரிசோதகர்கள் எழுதிய மொத்தக் குற்றங்களில் 49 சதவீதம் அந்த 6ல்தான் பதிவாகியிருந்தது! பக்கத்தில் அரசு டாக்டர் நின்றால் கண் தெரிகிறது, அவர் போய்விட்டால் பார்வை மங்குகிறது. அந்தப் பரிசோதகர்களில் பலர் தாங்களே குதிரை வைத்துப் போட்டியிடுபவர்களாம். 2024ல் அரசு இந்த ஏற்பாட்டையே ஒழிக்க விதி கொண்டுவந்தது. உடனே வழக்கு, ஒத்திவைப்பு என்று இழுக்கிறது.

கடலூர்க்காரனுக்கு எதற்கு அமெரிக்கக் குதிரை என்பீர்கள். நம்மூர் பாய்லருக்காகத்தான்.

1863ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் செத்த பிறகுதான் இந்த நாட்டில் பாய்லரை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது. 1923ல் இந்தியா முழுமைக்கும் சட்டம். அரசு ஆய்வாளர் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். பாய்லருக்கு அந்தச் சான்று அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லும். 2007 திருத்தம் இதில் தனியாரையும் சேர்த்தது. அங்கீகாரம் பெற்ற ‘தகுதியுள்ள நபர்’ யாராக இருந்தாலும் சோதித்துச் சான்று தரலாம். 2025ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் வந்தபோதும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. ஆலைக்காரர் ஆளைத் தேர்வு செய்கிறார், கட்டணம் கொடுக்கிறார், சான்று வாங்குகிறார். டென்னஸி குதிரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அல்ல. 2020 மே 7, ஜூலை 1. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் வேறு. மறு வருஷம் மே மாதம் நம் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலையில் நான்கு உயிர் போனது. இந்த விபத்துகளுக்குத் தனியார் சான்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது விசாரித்தவர்கள் சொல்ல வேண்டியது. இவ்வளவு நடந்த மாவட்டத்தில் கண்காணிப்பைத் தளர்த்தலாமா என்பதுதான் என் கேள்வி.

என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் சொந்தப் பள்ளி வாத்தியாரைக் கண்காணிப்பாளராகப் போட மாட்டார்கள். விடைத்தாளும் பெயர் தெரியாமல் வெளி மையத்துக்குப் போய்விடும். நாங்கள் எல்லாம் திருடர்கள் என்றா? இல்லை. தன் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடப் போட எந்த வாத்தியாருக்கும் கை துடிக்கும், அவ்வளவுதான். 35 மதிப்பெண்ணுக்கே இந்தக் கட்டுப்பாடு. ஆள் உயிருக்கு வேண்டாமா?

“சார், அரசு ஆய்வாளர் மட்டும் யோக்கியமா, அவரும் கவர் வாங்குவாரே” என்று ஒரு மாணவர் போனில் சண்டைக்கு வந்தார். நல்ல கேள்விதான். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரிகளுக்கு மதியம் என்ன சமையல் என்று தலைமையாசிரியர்கள் அலைந்ததை நானும் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டும் எங்களைத் திட்டிக் குறிப்பெழுதிப் போனவர்கள் உண்டு, ஏனென்றால் அவர்கள் சம்பளம் எங்கள் கையில் இல்லை. லஞ்சம் வாங்கும் அதிகாரி விதியை மீறுகிறார், பிடித்தால் தண்டிக்கலாம். இங்கே விதியே ஆலைக்காரர் கையால் பணம் வாங்கு என்கிறது. கண்டிப்பான ஆளை அடுத்த வருஷம் கூப்பிடாமல் விட்டால் போதும், யாரையும் மிரட்டக்கூட வேண்டாம்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஆள் எடுங்கள். டிப்ளமோவும் பி.இ.யும் முடித்துவிட்டு வேலையில்லாமல் சிதம்பரத்திலேயே எத்தனை பிள்ளைகள்! அதுவரை தனியார்தான் என்றால், கட்டணத்தை ஆலைக்காரர் அரசிடம் கட்டட்டும். யாரை அனுப்புவது என்று அரசு குலுக்கிப் போடட்டும். சான்று கொடுத்த பாய்லர்களில் சிலவற்றை அரசு ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் போய் மறுபடி பார்க்கட்டும். சோதித்தவர் பெயரும் தேதியும் தமிழில் ஆலை வாசலில் தொங்கட்டும்.

நெய்வேலி, சிப்காட், சர்க்கரை ஆலை, அரிசி ஆலை என்று வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, நாளைக்கு ஷிப்டுக்குப் போகும்போது பாய்லர் சான்று எங்கே மாட்டியிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், யார் கையெழுத்து என்று ஒருமுறை பாருங்கள். காட்ட மறுத்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், இங்கே கமெண்டில் பெயரோடு போட வேண்டாம். விவரங்களைச் சேர்த்து நானே மனு எழுதிக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.