நெடும்பாலமும் மலைக்காற்றும்

தெற்கிலிருந்து வருவது தென்றல்; வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கினது கொண்டல்; மேற்கினது கோடை. திசைக்கொரு பெயர் தந்த நம் முன்னோர், காற்று யாண்டும் ஒருபடித்தன்று என்பதை நன்குணர்ந்தவர். நெடும்பாலங்களைக் கணினியில் ஆராயும் இந்நாளில் அவ்வுணர்ச்சி குன்றிவிடலாகாது என்பதே யாம் ஈண்டு கூற விழைவது.

அமெரிக்காவின் டக்கோமா தொங்கு பாலம் 1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பட்டது. இரு கோபுரங்களுக்கும் இடையே 853 மீட்டர். அகலமோ 12 மீட்டரளவே. நவம்பர் 7ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் விரைவில் வீசிய காற்றில் அது முறுகி முறுகி ஆடி நீருள் வீழ்ந்தது. அதனினும் கடிய காற்றின் அழுத்தத்தைத் தாங்குமாறன்றோ அதனை அமைத்திருந்தனர்! தளம் முறுகுந்தோறும் காற்று அதனைத் தாக்கும் முறை மாறிற்று. அம்மாற்றம் மேலும் முறுக்கிற்று. ஆட்டமே ஆட்டத்திற்கு உணவாயிற்று.

இன்று இத்தகைய ஆட்டத்தைப் பாலம் கட்டுமுன்னரே கணினியிற் காணலாம். தளத்தைச் சூழ்ந்த வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்றின் விரைவையும் அழுத்தத்தையும் கணத்துக்குக் கணம் கணிப்பர். விளிம்பைக் கூராக்கினால் என்னாம், நடுவே இடைவெளி விட்டால் என்னாம் என்று, மாதிரி செதுக்காமலே பல வடிவங்களைச் சோதிக்கலாம். இது பெரும்பேறே. ஆயினும் காற்றுச் சுரங்கத்துள் மாதிரி வைத்துப் பார்ப்பதை அறிஞர் கைவிட்டிலர். சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் அத்தகைய சுரங்கம் உண்டு.

கணினிக்கோ சுரங்கத்துக்கோ, எவ்வகைக் காற்று என்பதை நாமே சொல்லியாக வேண்டும். இடர்ப்பாடு ஆண்டுதான் உளது. போடிநாயக்கனூருக்கு மேலே ஏலமலைச் சரிவை நோக்குக. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியே இறங்கிற்று. தொங்கும் வடத்திற்கும் தொங்கு பாலத்திற்கும் பகைவன் ஒருவனே. தென்மேற்குப் பருவத்தில் கம்பம் கணவாய் வழியே புகும் காற்றால் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. மலைச்சரிவிலோ காற்று முகட்டில் விரையும். அதன் மறைவில் சுழலும். ஓய்ந்தது போலிருந்து மீண்டும் மோதும். ஐ.எஸ். 875 என்னும் விதிநூல் மதுரைக்கு அடிப்படை விரைவு நொடிக்கு 39 மீட்டர் எனக் குறித்து, மலைச்சரிவுக்கென ஒரு பெருக்கெண்ணும் தருகிறது. வீட்டுக்கு அது சாலும்; இரு சரிவுகளுக்கிடையே தொங்கும் நெடுந்தளத்துக்குச் சாலாது.

ஆதலின் இம்மலைகளில் நெடும்பாலமோ புதிய கம்பிவடமோ கருதப்படுமாயின், இரண்டு பருவங்களேனும் காற்றின் விரைவையும் திசையையும் சாய்வையும் அவ்விடத்திலேயே அளந்த பின்னரே கணினியை நாடுதல் வேண்டும். சமவெளிக் காற்றை ஊட்டினால் அது சமவெளிக்குரிய விடையையே தரும். அளத்தல் வீண்செலவு என்பார் பாம்பனை நினைக. 1964 டிசம்பர்ப் புயலில் அவ்விருப்புப் பாதைப் பாலத்தின் தூலங்கள் பல கடலுள் வீழ்ந்தன. பழைய பாலத்தில் 2022 இறுதியில் ஓட்டம் நிற்கும்வரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் வண்டியைத் தடுக்கும் காற்றளவுக் கருவி காவல் நின்றது.

போடியில் 2012 முதல் அரசு பொறியியற் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. அதன் மாணவர், வனத்துறையின் இசைவு பெற்று, குரங்கணிச் சரிவில் நான்கைந்து கம்பங்கள் நட்டுக் கருவி பொருத்தினால் பணி தொடங்கிவிடும். அக்குறிப்பைப் பொறியியலாரினும் முந்தி ஏலத்தோட்டக்காரரே கேட்டு வருவர். நிழல்மரக் கிளை முறிந்து செடிமேல் விழும் நாளை அறிவதில் அவர்க்கில்லாத அக்கறை வேறெவர்க்கு உண்டு?