நின்றுபோனவர்கள் யார்? கணக்கைக் கேட்போம்

இணையவழிப் படிப்பு நடத்துகிறவர்களிடம் இன்று கணக்குக்குப் பஞ்சமில்லை. எந்த வீடியோவை எந்த நொடியில் நிறுத்தினோம், எந்தக் கேள்வியில் தடுமாறினோம், எந்த வாரத்தோடு வராமல் போனோம், எல்லாமே பதிவாகிறது. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை 2014-இல் அலசிய ஆய்வாளர்கள், வீடியோ ஆறு நிமிடத்துக்குள் இருப்பது நல்லது என்றார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் பாடம் நெடுநாள் நிற்கும் என்கிறது கற்றல் அறிவியல். எங்கள் மாலைப் படிப்பகத்தில் நாங்களும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல பலன் இருக்கிறது.

ஆனால் வீடியோ நின்ற நொடி பதிவாகிறதே தவிர, ஏன் நின்றது என்பது பதிவாவதில்லை. டேட்டா தீர்ந்ததா? வீட்டுக்கு இருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டாரா? தளத்தின் கணக்கில் எல்லாம் ஒன்றுதான்: மாணவருக்கு ஆர்வம் குறைவு.

ஆர்வத்தைக் கூட்டவும் முயன்று பார்த்தார்கள். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் நடத்திய படிப்புகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த சோதனையின் முடிவு 2020-இல் வெளிவந்தது. எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று முன்கூட்டியே திட்டம் எழுதவைத்தார்கள். முதல் சில வாரங்கள் சுறுசுறுப்பு கூடியது; படிப்பை முடித்தவர் எண்ணிக்கை கூடவில்லை. எங்களுக்கு இதில் வியப்பில்லை. எங்கே உட்காருவது என்பதே கேள்வியாக இருக்கும் வீட்டில் திட்டம் எழுதி என்ன ஆகும்?

இங்கே ஸ்வயம் தொடங்கியது 2017-இல். அந்த ஆண்டில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி இருந்தது கிராமப்புற வீடுகளில் 14.9 சதவீதத்துக்குத்தான், நகரத்தில் 42. அதன்பிறகு போன் பரவிவிட்டது, உண்மைதான். ஸ்வயமும் வெறும் கூடுதல் படிப்பாக இல்லை. ஒரு பருவத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை அதன் வழியாகப் பெறலாம் என்கிறது யுஜிசி. இடையில் நின்றால் அடிபடுவது பட்டம்.

அப்படியென்றால் சாதிவாரிக் கணக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் எதற்கு என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் யார் தோற்பார் என்று கணிக்கும் மென்பொருள் மாணவரின் இனத்தையே ஓர் அளவுகோலாக வைத்திருந்ததை 2021-இல் தி மார்க்கப் என்ற செய்தித்தளம் அம்பலப்படுத்தியது. வெள்ளை மாணவர்களைவிட நான்கு மடங்கு வரை கறுப்பின மாணவர்கள் ‘அபாயப்’ பட்டியலில் தள்ளப்பட்டிருந்தார்கள். நம் ஊரில் அந்தப் பட்டியல் வந்தால் அதில் யார் பெயர் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

1927 மார்ச்சில் பம்பாய் சட்டசபையில் பாபாசாகேப் அம்பேத்கர், தொடக்கப்பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்று கணக்கு காட்டினார். இடைநிற்றல் கணக்கேதான். அவர் அதை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கவில்லை, கல்விக்குச் செலவழிக்காத அரசை நிற்கவைத்துக் கேட்டார். நமக்கு வேண்டியதும் அதுதான்: படிப்பைச் சோதிக்கும் கணக்கு, மாணவரை முத்திரை குத்தும் கணக்கு அல்ல.

இதற்குப் புதிதாக யாரையும் எண்ணத் தேவையில்லை. என்பிடெல் தேர்வுக் கட்டணத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழைக் கேட்டு வாங்குகிறார்கள். பெயரை நீக்கிவிட்டு, பதிந்தவர், தேர்வெழுதியவர், தேறியவர் என்று பிரிவுவாரியாகத் தரட்டும். எந்த வாரத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், ஒலி மட்டும் போதுமா, தமிழ் எழுத்துப்பாடம் வேண்டுமா, ஒப்படைப்புக்குக் கெடு நீள வேண்டுமா என்று பேசலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு நிறுவனத்துக்கு மனுச் செய்ய பத்து ரூபாய். உங்கள் கல்லூரியில் ஸ்வயம் எடுத்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதுங்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் நாங்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.