பத்தடி வீட்டின் ஒழுங்கு

சிறிய வீட்டைச் சுத்தமாகவும் அழகாகவும் வைத்துக்கொள்ளும் கலை என்றதும் நம் நடுத்தர வர்க்கத்து மனம் நேராக ஜப்பானுக்குச் சென்றுவிடுகிறது. மரீ கோண்டோவின் நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் ஆனபிறகு இந்த மோகம் இன்னும் கூடியது. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, தராததற்கு நன்றி சொல்லி விடைகொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய முறை. நல்ல முறைதான். ஆனால் அது அளவுக்கு மீறி வாங்கிக் குவித்தவர்களுக்கான மருந்து. இடமும் குறைவு, பொருளும் குறைவு என்றிருக்கும் வீட்டில் ஒழுங்கு என்பதற்கு என்ன பொருள்? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. குன்னூரையும் கோத்தகிரியையும் கூடலூரையும் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

நீலகிரியின் லைன் வீடுகளில் வாழ்பவர்களில் ஒரு பெரும் பகுதியினர் இரண்டு முறை வீடு மாறியவர்களின் வழித்தோன்றல்கள். முன்னோர் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் ஒற்றைக் காம்பராவில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழக வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே, 1976 முதல் டான்டீ என்ற தனி நிறுவனமாக இயங்கிவருகிறது. கப்பலில் வந்தவர்கள் கொண்டுவர முடிந்தது சில டிரங்குப் பெட்டிகளும் பாத்திரங்களும்தான். கூடவே, ஒரு சிறிய அறையைக் குடும்பம் வாழும் வீடாக மாற்றும் அறிவும் வந்தது. அது எந்தச் சுங்கச் சீட்டிலும் பதிவாகவில்லை.

அந்த அறிவைச் சற்று உற்று நோக்கலாம். பெரும்பாலும் ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு சிறு திண்ணை; இவ்வளவுதான் வீடு. முதல் எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் சுவரில் பூஞ்சணம் பூக்கும். எனவே மழையில் நனைந்த படங்கும் கம்பளியும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது எழுதப்படாத விதி. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் துணி உலரும். அதே சூட்டில், கவாத்து வெட்டிக் கொண்டுவந்த தேயிலைக் குச்சியும் காயும். ஒரே நெருப்பு மூன்று வேலை செய்கிறது. இரண்டாவது எதிரி புகை. ஆண்டுக்கொருமுறை நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தாலும் அடுக்களைச் சுவர் சில மாதங்களில் கறுத்துவிடும். அதனாலேயே வெளிச்சம் விழும் பக்கத்தில் பலகைத் தட்டு அமைத்து, ஓரங்களைப் பல்பல்லாகக் கத்தரித்த செய்தித்தாளை விரித்து, தேய்த்து மின்னவைத்த எவர்சில்வர் பாத்திரங்களை அளவு வாரியாக அடுக்குகிறார்கள். அலங்காரம் என்று நாம் எண்ணுவது அங்கே விளக்கின் வேலையையும் செய்கிறது. இருக்கிற சிறிது வெளிச்சத்தைத் திருப்பி அறைக்குள் அனுப்புகிறது.

பகலில் பாய்கள் சுருண்டு பெட்டிமேல் ஏறும். பெட்டி, துணி விரித்ததும் இருக்கையாகும். சாமி படங்கள், மறைந்தவர்களின் புகைப்படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் தலைக்கு மேலே வரிசையாக நிற்கும். தரையில் இடமில்லாத வீடு நினைவுகளைச் சுவரில் ஏற்றிவிடுகிறது. வாசலில் பழைய எண்ணெய் டின்களில் ஜெரேனியமும் டேலியாவும் பூத்திருக்கும். ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடக்கும் வீடுகளில் ‘இது எங்கள் வீடு’ என்று சொல்வது அந்த டின் பூக்கள்தாம்.

நம் இலக்கியம் இந்த ஒழுங்கைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது எங்கள் எண்ணம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும், பி.எச். டேனியலின் ஆங்கில நாவலை இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ம் தோட்ட வாழ்வின் கொடுமையை நம் மனத்தில் நிலைக்கச் செய்தவை. அவை எழுதப்பட்டே ஆகவேண்டியிருந்தன. அவற்றின் கோபம் இன்றும் தேவை. ஆயினும், அவற்றை வாசித்து வளர்ந்த நாம் லைன் அறையைத் துன்பத்தின் கொள்கலனாக மட்டுமே காணப் பழகிவிட்டோம். துன்பப்படுகிறவளுக்கு ரசனை இருக்கும் என்பதை நம் இரக்கம் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

மறுபுறம், சிறிய வீட்டைப் புகழும் மரபு ஒன்றும் உண்டு. அதில் ஒரு கண்ணி. கமோ நோ சோமே என்ற ஜப்பானியத் துறவி 1212-இல் எழுதிய ‘ஹோஜோகி’ என்ற நூலின் பெயரே பத்தடிச் சதுரக் குடிலைக் குறிப்பது. அக்குடிலில் ஒரு புத்தர் படம், சில தோல் பெட்டிகள், இரண்டு இசைக்கருவிகள், ஓர் அடுப்பு. எல்லாவற்றையும் பிரித்து ஏற்றினால் இரண்டு வண்டிகளுக்குள் அடங்கிவிடும். பிற்காலத்து ஜப்பானியத் தேநீர் அறையின் வழக்கமான அளவும் ஏறத்தாழ இதுவே. தேநீரைச் சடங்காக அருந்தும் அறையும் தேயிலை பறிப்பவள் வாழும் அறையும் அளவில் நெருங்கி நிற்பது வெறும் தற்செயல்தான். ஆனால் சோமே அந்தச் சிறுமையைத் தாமே தேர்ந்துகொண்டார், தனியாக வாழ்ந்தார், வேண்டாமென்றால் வேறிடம் போகலாம். நீலகிரியிலேயே, தவழ்ந்து நுழையும் வாசல் கொண்ட தோதவர் வீடும் சிறியதுதான். அது அவர்களே தம் முறைப்படி கட்டிக்கொண்டது. லைன் வீட்டின் அளவை அதில் வாழ்பவர் தீர்மானிக்கவில்லை. தேர்ந்துகொண்ட எளிமையையும் ஒதுக்கித் தரப்பட்ட நெருக்கடியையும் ஒரே சொல்லால் புகழ்வது அறமாகாது.

அப்படியானால் ஜப்பானிடமிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லையா? உண்டு, ஆனால் அது வேறொன்று. 1940-களின் தொடக்கத்தில் நிஷியாமா ஊஸோ என்ற கட்டடக்கலை அறிஞர் சாதாரண மக்களின் நெருக்கடியான வீடுகளை ஆராய்ந்தார். சிறிய வீட்டில் உண்பதும் உறங்குவதும் ஒரே அறையில் நடந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு மாறாக, எவ்வளவு சிறிய வீட்டிலும் மக்கள் உண்ண ஓர் இடம், உறங்க ஓர் இடம் எனப் பிரித்துக்கொள்வதைக் கண்டார். அந்தக் கண்டறிதல் போருக்குப் பிந்தைய பொதுக் குடியிருப்புகளின் திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. 1951-இல் உருவான ‘51சி’ என்னும் வரைபடம், நாற்பது சதுர மீட்டருக்கும் குறைவான வீட்டில் சமையலறையை விரித்து, அங்கேயே உண்பதற்கும் இடம் கண்டது. மக்கள் தம் வீட்டை ஒழுங்குபடுத்திய விதமே அரசின் வரைபடமாகியது.

அதே 1951-இல்தான் நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்றது அச்சட்டம். அது பெரிய முன்னேற்றம். அச்சட்டத்தை உள்ளடக்கி 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டமும் குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் ஈரத்துணியை எங்கே உலர்த்துவது, விறகை எங்கே அடுக்குவது, வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவது, பிள்ளை எங்கே அமர்ந்து படிப்பது என்ற கேள்விகளுக்கு இத்தனை ஆண்டுகளாக விடை கண்டவர்கள் அங்கு வாழும் பெண்கள். கொழுந்து பறித்துத் திரும்பிய பிறகு, கூலி இல்லாத இரண்டாவது வேலையாக அவர்கள் கண்ட விடைகள் அவை. அவர்களுடைய திறமையைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால், நிர்வாகம் கட்டாமல் விட்ட அறைக்கான செலவை அவர்கள் தலையிலேயே சுமத்தியவர்களாவோம்.

இன்னும் ஒன்று. இத்தனை அக்கறையோடு சுண்ணாம்பு பூசிய சுவர் அவர்களுடையதல்ல. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலிசெய்து தர வேண்டும். டான்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க 2022-இல் அரசு முடிவெடுத்தபோது எழுந்த அச்சம் வேலை பற்றியது மட்டுமன்று, வீடு பற்றியதும்கூட. காட்டின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை கடல் கடந்து வந்த குடும்பத்திடம் மறுபடியும் பெட்டி கட்டச் சொல்லும்முன், அது போய்ச் சேரும் வீட்டின் சாவியைக் கையில் தர வேண்டும்.

அந்தப் புதிய வீட்டின் வரைபடத்தைச் சென்னையில் அமர்ந்து தீட்ட வேண்டியதில்லை. பொறியாளர்கள் கோத்தகிரிக்கும் பந்தலூருக்கும் சென்று, லைன் வீட்டுத் திண்ணையில் ஒரு மழைக்காலப் பகல் அமர்ந்து, அங்குள்ள அம்மாக்களைக் கேட்கட்டும். கொடி எங்கே வேண்டும், தட்டு எந்த உயரத்தில் வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். கட்டிய வீட்டின் பட்டாவும் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதன்பிறகு எதை வைத்துக்கொள்வது, எதற்கு விடைகொடுப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.